உப்பு போடாத மாவு

மேடையில் கவிழ்த்த மாவு பரவவில்லை. பாத்திரத்தைத் தூக்கியதும் அது தளர்ந்து, வயிறு நிறையச் சாப்பிட்ட ஆள் பாயில் சாய்கிற மாதிரி, நாலு பக்கமும் ஒரு விரற்கடை இறங்கியிருக்க வேண்டும்; இறங்காமல், பாத்திரத்தின் வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு நின்றது. கலாமணி அதன்மேல் கை வைக்காமல் ஒரு நிமிடம் பார்த்தாள். மார்கழிக் குளிர், வேறொன்றுமில்லை. வடவள்ளியில் மலைக்காற்று இறங்கும் மாதங்களில் மாவுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். காலை ஐந்துக்குப் பிசைந்தது, இப்போது பத்தரை, கொடுத்தாயிற்று. நிவேதா நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அதற்குள் உருட்டி, கூடையில் போட்டு, பொங்க விட்டு, சுட்டு, ஆற வைத்துவிடலாம். தை பிறந்ததும் ரேஸ்கோர்ஸ் பக்கம் நிவேதா திறக்கப்போகிற உணவகத்தில் ரொட்டி அறை முழுக்கக் கலாமணியின் பொறுப்பு என்பது இன்றைக்கு முடிவாகிவிடும். ஐம்பத்தோரு வயதில் ஒரு அறைக்குப் பொறுப்பு. அவளுக்கு அதில் பயம் இல்லை. தன் கையைப் பற்றி அவளுக்கு எப்போதும் பயம் இருந்ததில்லை. பிளாஸ்டிக் தகட்டால் மாவை நடுவில் வெட்டி இரண்டாக்கினாள். வெட்டிய முகத்தில் குமிழிகள் சின்னதாக, ஒழுங்காக, பயந்த பிள்ளைகள் வரிசையில் நிற்பதுபோல நின்றன. இன்னும் பெரிதாக இருக்கலாம். இருந்தால் என்ன, கூடையில் பெருகிக்கொள்ளும்.

கணவர் சென்னியப்பன் முருங்கைக்கீரைக் கட்டோடு சமையலறையைக் கடந்து பால்கனிக்குப் போனார். முப்பது வருடம் நகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்த மனிதர் வீட்டுக்குள்ளும் ஒரு கையால் எதையாவது பிடித்துக்கொண்டுதான் நடப்பார். கதவு நிலையைப் பிடித்தபடி நின்று மூக்கை உறிஞ்சினார்.

“ஏனம்மிணி, இன்னைக்குப் புளிச்ச வாடையே காணோம்?”

“குளிருங்.”

“அதுஞ் சரிதான்” என்று அவர் போய்விட்டார். கீரையைத் தரையில் பரப்புகிற சத்தம் கேட்டது. அவள் முதல் உருண்டையின் ஓரங்களை நடுவுக்கு மடித்துக்கொண்டிருந்த கை நிற்காமல் பார்த்துக்கொண்டாள். புளிச்ச வாடையே காணோம். மற்ற நாட்களில் இந்த நேரத்துக்கு வீடு முழுக்க அந்த வாடை இருந்ததா? போன வாரம் இருந்ததா? போன மாதம்? அவளுக்குத் தெரியாது. ஆவணியில் வந்த காய்ச்சல் ஆறு நாளில் இறங்கியது, போகும்போது வாசனையை எடுத்துக்கொண்டு போனது. முதல் வாரம் மூக்கடைப்பு என்று நினைத்தாள். இரண்டாம் வாரம் பால் பொங்கி, வழிந்து, அடிப்பிடித்துக் கரியாகிற வரைக்கும் அதே அடுப்புக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மாடிப்படியிலிருந்து ஓடி வந்த சென்னியப்பன் அடுப்பை அணைத்த கையோடு சிலிண்டரையும் மூடினார். அன்றிலிருந்து மூடிக்கொண்டே இருந்தார். அவள் தாளித்து முடிக்குமுன் வந்து நிற்பார். குமிழைத் திருகிப் பார்ப்பார், கீழே குனிந்து சிலிண்டரைத் தொடுவார், ‘போலாம் ரைட்’ என்கிற முகத்தோடு போவார், ஐந்து நிமிடத்தில் திரும்பி வருவார். இருபத்தாறு வருடமாக அவள் நின்ற சமையலறை அவருடைய பேருந்தாகிவிட்டது. புரட்டாசியில் ஒருநாள் அவர் காப்பிப் பொடி டப்பாவைக் கொண்டுவந்து அவள் முகத்துக்கு நேராகத் திறந்தார். “இப்பத் தெரியுதா?” பச்சை மூடி போட்ட டப்பா. காப்பிப் பொடி டப்பா. “தெரியுதுங், காப்பிப் பொடி” என்றாள். அவர் முகத்தில் வந்த நிம்மதி அவளைக் கூச வைத்தது. ஆனால் அன்று மாலை அவர் குமிழைத் திருகிப் பார்க்க வரவில்லை. அவளும் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் காதால் சமைத்தாள். எண்ணெய் காய்ந்த சத்தம், கடுகு அடங்கிய சத்தம், குமிழை மூடியபின் ஒரு நொடி மூச்சை நிறுத்தி, சீறல் எதுவும் இல்லை என்று கேட்டுக்கொள்கிற மௌனம்.

உருண்டையைப் புரட்டிப் போட்டு, இரண்டு கைகளின் விளிம்பையும் அதன் பின்பக்கம் கொடுத்துத் தன்னை நோக்கி இழுத்தாள். இதுதான் அவளுக்குப் பிடித்த இடம். அடிப்பக்கம் மேடையில் லேசாக ஒட்டும், மேல்தோல் இழுபடும், இழுக்க இழுக்க வழவழப்பாகிக்கொண்டே வரும், ஒரு இடத்தில் ‘போதும்’ என்று சொல்லும். அந்தப் ‘போதும்’ சுண்டுவிரல் பக்கத்துச் சதையில் கேட்கும். அதற்குமேல் அரை அங்குலம் இழுத்தால் தோல் கிழிந்துவிடும். மாவு இன்று முதல் இழுப்பிலேயே போதும் என்றது. அவள் நிறுத்தினாள். இவ்வளவு சீக்கிரம் சொல்லாது. நாலு இழுப்பு தாங்கும் மாவு இது, அதே மில் மைதா, அதே கோதுமை, போன திங்கட்கிழமை பிரித்த பை. அவள் விரல்களை மாவில் வைத்தபடி நின்றாள். பஞ்சு மில்லில் இருபத்திரண்டு வருடம் இப்படித்தான் நின்றிருக்கிறாள், மாவுக்குப் பதில் பஞ்சு. பேல் என்கிற பஞ்சுப் பொதியிலிருந்து ஒரு கொத்தைப் பிடுங்கி, இரண்டு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து இழுத்து, அடுக்கி, மறுபடி இழுத்து, இழையின் நீளம் மில்லிமீட்டரில் இருபத்தொன்பது, முப்பது, இருபத்தெட்டரை என்று சொல்ல வேண்டும். அவள் சொல்லுவாள். பிறகு இயந்திரம் வந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்த அந்த இயந்திரமும் அவளும் ஒரு வாரம் பக்கத்தில் பக்கத்தில் வேலை பார்த்தார்கள், மேனேஜர் இரண்டு தாளையும் ஒப்பிட்டுப் பார்த்தார், கடைசியில் இயந்திரம் பழுதாகிற நாட்களுக்கென்று அவளை வைத்துக்கொண்டார். அது மாதத்துக்கு நாலு நாள் பழுதானது. அந்த இருபத்திரண்டு வருடத்தில் ஒரே ஒரு முறைதான் அவள் தவறாகச் சொன்னாள். அன்று பேலில் தொங்கிய சீட்டை முதலில் படித்துவிட்டாள். முப்பத்தொன்று என்று சீட்டு சொன்னது, கை இருபத்தொன்பது என்றது, கண் சீட்டிலேயே இருந்தது, வாய் முப்பத்தொன்று என்றது. நூல் அறுந்து அறுந்து, ஒரு ஷிப்டே நின்றது. கை அன்றைக்கும் சரியாகத்தான் சொல்லியிருந்தது.

அப்படியென்றால் இப்போது கை என்ன சொல்கிறது? இறுக்கம் என்கிறது. குளிர் மாவின் இறுக்கம் வேறு. அது உள்ளே உறங்குகிற இறுக்கம், கையில் சற்று நேரம் வைத்திருந்தால் இளகி வரும். இது விழித்துக்கொண்டு விறைத்து நிற்கிற இறுக்கம். இரண்டாவது உருண்டையையும் மடித்து, இழுத்து, பக்கத்தில் வைத்தாள். அதுவும் முதல் இழுப்பில் போதும் என்றது. இரண்டும் மொட்டைத் தலைகள் மாதிரி எதிரெதிரே உட்கார்ந்தன. இருபது நிமிடம் இளைப்பாறட்டும் என்று ஈரத்துணியைப் போட்டு மூடினாள். அந்த இருபது நிமிடத்தில் மூங்கில் கூடைகளுக்குப் பழைய வேட்டித் துணியை விரித்து அரிசி மாவு தூவ வேண்டும், ஓவனைத் துடைக்க வேண்டும். எதையும் செய்யாமல் உறை பாட்டிலை எடுத்துப் பார்த்தாள். ஊறுகாய்ப் பாட்டில், அதன் இடுப்பில் ஒரு ரப்பர் பேண்ட். காலையில் ரப்பர் பேண்டுக்கு இரண்டு விரல் மேலே ஏறியிருந்தது, உச்சியில் நுரை விட்டிருந்தது. உறையில் குறையில்லை. பெங்களூரிலிருக்கும் மகள் அதை ஸ்டார்ட்டர் என்பாள், போனில் பேர் வேறு வைக்கச் சொல்வாள். பாலைத் தயிராக்க ஒரு கரண்டி மோர் விடுவதற்குப் பேர் உறை, மாவைப் பொங்க வைக்க ஒரு கரண்டி பழைய மாவு விடுவதற்கு வேறென்ன பேர் என்று கலாமணி அதை உறை என்பாள். சென்னியப்பனுக்கு இரண்டும் கிடையாது. அவருக்கு அது மாவு. பாட்டிலில் இருப்பதும் மாவு, பாத்திரத்தில் இருப்பதும் மாவு. உறை சரி, மைதா சரி, தண்ணீர் அதே போர் தண்ணீர், கை அதே கை. மூக்கு இருந்திருந்தால் காலை எட்டு மணிக்கே துணியை விலக்கும்போது தெரிந்திருக்கும், இன்னும் புளிக்கவில்லை, எங்கோ தடுக்கிறது என்று. எங்கே என்று மூக்கும் சொல்லாது. ஆனால் எட்டு மணிக்குச் சொல்லியிருக்கும்.

“எனக்கு வேண்டியது உங்க மூக்குதாங்க்கா.” போன வாரம் நிவேதா சொன்னது அது. அவள் வந்து உட்கார்ந்ததும் ரொட்டியை நடுவில் வெட்டி, வெட்டிய பக்கத்தை முகத்தோடு வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் இருந்தாள். முப்பது வயதுப் பெண், எங்கெங்கோ படித்து எத்தனையோ ரொட்டி தின்றவள். “இந்த வாசம் வர்ற கரெக்ட் நேரத்துல நிறுத்தியிருக்கீங்க பாருங்க, அது மெஷின்ல வராது. எனக்கு வேண்டியது உங்க மூக்குதாங்க்கா.” கலாமணி தண்ணீர் கொண்டுவர எழுந்துபோனாள். அப்போது சொல்லியிருக்கலாம். தண்ணீரைக் கொடுக்கும்போது சொல்லியிருக்கலாம். வாசலில் செருப்பு மாட்டும்போது சொல்லியிருக்கலாம், அந்தப் பெண் ஒரு காலில் நின்றபடி சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள், மாட்டி முடிக்க இரண்டு நிமிடம் ஆனது. பச்சை மூடி டப்பா. காப்பிப் பொடிங். ஒரு தடவை சீட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டால் பிறகு சீட்டுதான் பேசிக்கொண்டிருக்கும். இருக்கட்டும், இன்றைக்கு மாவைப் பார்ப்போம். துணியை விலக்கி, ஒரு உருண்டையின் அடியிலிருந்து சுண்டைக்காய் அளவு மாவைக் கிள்ளினாள். வாயில் போடுவதற்குத்தான் தயக்கம். ஆவணிக்குப் பிறகு அவள் பச்சை மாவை வாயில் வைத்ததில்லை. சோறு ஈரக் காகிதம், ரசம் சூடான தண்ணீர், எல்லாவற்றையும் மற்றவர்களுக்காக மென்று விழுங்குகிற பழக்கம் வந்துவிட்டது. மாவும் அப்படி ஆகிவிட்டது என்று நாக்கு சொல்லிக் கேட்க அவள் விரும்பவில்லை. கேட்காதவரைக்கும் அது ஆகவில்லை. விரல் நுனியில் மாவு காயத் தொடங்கியது. போட்டுக்கொண்டாள்.

உப்பு. முதலில் நாக்கின் இரு பக்கத்திலும், பிறகு தாடை வரைக்கும். உப்பு கரித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. அது கரிப்பினாலா என்று அவள் யோசிக்கவில்லை, ஏனென்றால் அந்த நொடியில் மற்ற எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்துவிட்டன: உப்பு கூடினால் மாவு விறைக்கும், உப்பு கூடினால் உறை தடுமாறும், தடுமாறினால் குமிழி சிறுக்கும், வாடை வராது. கை சொன்னது அதைத்தான். நாக்கு இருக்கிறது. நாக்குக்கு இன்னும் உப்பு தெரிகிறது, அடியில் மெலிதாகப் புளிப்பும் தெரிகிறது, நான்கு மாதமாக அதைக் கேட்காமல் விட்டவள் அவள்தான். இப்போது ஒரே கேள்வி. அவள் உப்பை எப்போதும் தராசில் நிறுத்து ஒரு கிண்ணத்தில் தனியாக எடுத்து வைப்பாள். ஒரு கிலோ மாவுக்கு இருபது கிராம். உறையும் மாவும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து மூடிவிட்டு, குளித்து வந்தபின்தான் உப்பைப் போடுவாள், மாவு முதலில் தண்ணீரை ஒழுங்காகக் குடிக்கட்டும் என்று. இன்றைக்கும் அப்படித்தான். குளித்துவிட்டு வந்தபோது கிண்ணத்தில் உப்பு இருந்தது, போட்டாள், பிசைந்தாள். நிறுத்ததில் தவறில்லை. பிறகு எப்படி இரண்டு மடங்கு? குளியலறையில் இருந்த நேரம் கால் மணி. வீட்டில் இருந்தது ஒரே ஆள்.

“ஏனுங், இங்க வாங்.”

சென்னியப்பன் முருங்கைக் காம்பைக் கையில் வைத்தபடி வந்தார்.

“காலைல நான் குளிக்கறப்ப இந்த மாவத் தொட்டீங்களா?”

“தொட்டேன். நீ உப்பு மறந்துட்டயில்ல, போட்டு வெச்சேன்.”

“மறந்துட்டேன்னு யாரு சொன்னா?”

“யாரு சொல்லோணும்? விரல்ல தொட்டு நாக்குல வெச்சுப் பாத்தேன், சப்புன்னு கெடந்துது. மாவுன்னா உப்புப் போட்டுக் கலக்கி வெக்கறதுதான? இட்லிக்கு நாந்தான டெய்லி போடறேன். ஒரு கை போட்டு நல்லாப் பெசஞ்சு அமுக்கி வெச்சேன். என்ன இப்போ?”

“என்ற கிட்டச் சொல்றதுக்கென்னுங்?”

“சொன்னா நீ மறந்தத நாஞ் சொல்லிக் காட்டறேன்னு ஆகும். எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்.”

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை என்பதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. இந்த ஊரில் எந்த வீட்டில் போய்க் கேட்டாலும் உப்பு போடாத மாவு ஒரு மறதி. அவள் சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பு எங்கோ கிளம்பி விலாவரைக்கும் வந்து நின்றது. மணியைப் பார்த்தாள், பத்து ஐம்பது. தூக்கி எறிய வேண்டியதில்லை. இன்னொரு கிலோ மாவு, உப்பே இல்லாமல், பாட்டிலில் மிச்சமிருக்கிற உறையைப் போட்டுப் பிசைந்து, இதோடு அதைச் சேர்த்துவிட்டால் உப்பு பாதியாகிவிடும். இரண்டு ரொட்டிக்குப் பதில் நாலு. நேரம்தான் போகும். நாலு மணிக்கு ரொட்டி ஓவனுக்குள் போகும், வெளியே வந்து ஆற ஆறு ஆகும். அவள் அதற்குள் மாவுப் பையை இறக்கித் தராசில் பாத்திரத்தை வைத்துவிட்டாள். தண்ணீரை ஊற்றினாள், உறையைக் கரைத்தாள், மாவைக் கொட்டினாள், கை உள்ளே போனது. சென்னியப்பன் போகாமல் நின்றார். காம்பு அவர் கையில் இலையை உதிர்த்துக்கொண்டிருந்தது.

“நாந்தான் தெரியாமப் போட்டேன். உன்ற மூக்குக்கு எப்படித் தப்புச்சு? எனக்கே வாடை வரலைன்னு தெரியுது.”

சளி என்று சொல்லலாம். மார்கழி, பனி, எல்லாருக்கும் சளி. ‘ச’ வரைக்கும் நாக்கு போய்விட்டது. கை மாவுக்குள் இருந்தது. புது மாவு, உப்பில்லாதது, விரல்களுக்கு நடுவில் பிசுபிசுவென்று ஏறிக்கொண்டு எதையும் மறைக்கத் தெரியாமல் இருந்தது.

“எனக்கு வாசனை தெரியாதுங். ஆவணிலிருந்தே தெரியாது.”

“காப்பிப் பொடி சொன்னயே?”

“டப்பாவப் பாத்துச் சொன்னேன்.”

அவர் முருங்கைக் காம்பை மேடை ஓரத்தில் வைத்தார். அவளைச் சுற்றிக்கொண்டு அடுப்புப் பக்கம் போய், குனிந்து, சிலிண்டரின் மேல் கையை வைத்தார். குமிழை ஒருமுறை, மறுமுறை திருகிப் பார்த்தார். அவள் பார்த்தாள். புரட்டாசியிலிருந்து தினமும் அவர் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தபோது இவள் தனியாக இந்த அடுப்பைப் பற்ற வைத்ததை எல்லாம் அவர் இப்போது ஒவ்வொன்றாக நினைக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

“மூடித்தான் இருக்குது” என்றார்.

“தெரியுங். காதுல கேட்டுட்டுத்தான் மூடுவேன்.”

“காதுல கேட்டு.” அவர் நிமிர்ந்தார். “காதுல கேட்டு ஒருத்தி நாலு மாசமா எனக்குச் சோறாக்கிப் போட்டிருக்கறா, நான் தின்னுட்டு உப்புப் பத்தலைன்னு சொல்லியிருக்கறேன்.”

“ரெண்டு தடவ சொன்னீங்.”

“அந்தக் கோவத்துலதான் போலிருக்குது, இன்னிக்கு ஒரு கை சேத்துப் போட்டேன்.” அவர் சிரிக்கப் பார்த்தார், முழுதாக வரவில்லை. “செரி, அந்தப் புள்ளைக்கு என்ன சொல்லப் போற? அதுக்கு மூக்குதான வேணும்?”

இதைத்தான் அவள் ஒரு வாரமாகச் சுற்றிச் சுற்றி வந்தாள். அவர் வாயிலிருந்து வெளியே வந்ததும் அது அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. நிவேதா மூக்கு என்று சொன்னது எதை? வெட்டிய ரொட்டியைத்தான் முகத்தில் வைத்துக்கொண்டு சொன்னாள். அந்த ரொட்டியை உருட்டியது எது, நிறுத்தியது எது? சுண்டுவிரல் பக்கத்துச் சதை. அந்தப் பெண்ணும் சீட்டைத்தான் படித்திருக்கிறாள். அது அவள் தவறில்லை, சீட்டை மாட்டிவிட்டது யார்? வேலை போனால் போகட்டும் என்று கலாமணி நினைக்கவில்லை. அந்த அறை அவளுக்கு வேண்டும், அதன் நீள மேடை வேண்டும், காலை நாலு மணிக்கு அந்த மேடைமேல் நாற்பது உருண்டைகள் வரிசையாக இருக்க வேண்டும். வேண்டுமென்பதால்தான் இதைச் சொல்லிவிட வேண்டும். தைக்குப் பிறகு அங்கே பச்சை மூடி டப்பா நாற்பது இருக்கும், ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

“போன எடுத்துப் போட்டு என்ற காதுகிட்ட வைங். கையெல்லாம் மாவு.”

அவர் எண்ணைத் தேடிப் போட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, போனை அவள் காதோடு வைத்துப் பிடித்தார். மணி நாலு முறை அடித்தது.

“சொல்லுங்க்கா! நாலு மணிக்கு ஷார்ப்பா வந்துருவேன்.”

“நாலுக்கு ஆகாது கண்ணு, ஆறாகும். உப்பு ரெண்டு தடவ விழுந்துருச்சு, சரி பண்ணிட்டிருக்கேன். அதில்லாம இன்னொண்ணு சொல்லோணும். போன வாரமே சொல்லியிருக்கோணும். எனக்கு வாசனை தெரியாது. ஆவணில காச்ச வந்து போச்சு, இன்னும் வரல. வருமோ வராதோ தெரியல.”

அந்தப் பக்கம் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.  சென்னியப்பனின் கை போனோடு சேர்ந்து அவள் காதை அமுக்கியது.

“அப்பப் போன வாரம் குடுத்தீங்களே, அந்த ரொட்டி?”

“அதும் மூக்கில்லாமச் சுட்டதுதான், கண்ணு.”

 கலாமணி புது மாவைப் பாத்திரத்திலிருந்து எடுத்து மேடைமேல் பரப்பி, பழைய உருண்டைகளை அதன்மேல் வைத்து, ஓரத்தை மடித்தாள்.

“அப்ப எதுல பாத்தீங்க்கா?”

“கையில.”

“ஆறு மணிக்கு உருட்டறதுக்கு ஏதாவது மிச்சம் வெச்சிருப்பீங்களா?” நிவேதாவின் குரலில் சந்தேகமும் இருந்தது, அதற்கு மேல் ஆசையும் இருந்தது. “எனக்குப் பாக்கணும். ரொட்டி இல்ல. உருட்டறதப் பாக்கணும்.”

“நாலு இருக்குது. ரெண்ட நீ வர்ற வரைக்கும் வெக்கறேன். வா.”

சென்னியப்பன் போனை எடுத்துத் தன் வேட்டியில் துடைத்தார். பிறகு, யாரும் கூப்பிடாமல், மேடைக்குக் குனிந்து மாவுக்கு ஒரு சாண் உயரத்தில் மூக்கை வைத்து உறிஞ்சினார்.

“என்னுங்?”

“ஒண்ணும் வரல இன்னும்.”

“ஒரு மணிக்கொருக்கா வந்து பாத்துச் சொல்லுங். சொல்றதோட நிறுத்திக்கோங். உப்புக் கிப்புப் போடற வேலையெல்லாம் வேண்டாம்.”

“உத்தரவு” என்று அவர் காம்பை எடுத்துக்கொண்டு போனார். கதவு நிலையைப் பிடிக்காமல் போனார்.

இரண்டு மாவும் முதலில் சேரவில்லை. பழையது விறைத்துக்கொண்டு நின்றது, புதியது வழுக்கிக்கொண்டு போனது, மடிக்கும்போதெல்லாம் நடுவில் ஒரு கோடு தெரிந்தது. அவள் கையை நனைத்துக்கொண்டு இழுத்து மடித்தாள், திருப்பி இழுத்து மடித்தாள். பதினைந்தாவது மடிப்பிலோ இருபதாவது மடிப்பிலோ கோடு கலைந்தது. ஒரு ஓரத்தைப் பிடித்து மெல்ல மேலே தூக்கினாள். மாவு அறுந்துவிடாமல் கையோடு வந்தது, ஒரு முழம் வந்தது, இன்னும் வந்தது, வெளிச்சம் அதற்குள் தெரிகிற அளவுக்கு மெலிந்து வந்தது. இன்னும் இருக்கிறது என்று அவள் இழுத்தாள். போதும் என்று அது சொன்ன இடத்தில் நிறுத்தினாள்.